பிராமிங்காம் நகரத்தார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கரையில் பாஸ்டன் என்னும் பெருநகர் உள்ளது. அதற்கு மேற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில் பிராமிங்காம் என்ற ஊர் இருக்கிறது. 1948 ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தவர் சற்றேறக்குறைய 28,000 பேர். தொழிற்சாலைகளும் கடைவீதியும் உடைய எளிய ஊர் அது. ஆயினும் இதய மருத்துவம் பயில்வோருள் அவ்வூரின் பெயரை அறியாதார் இலர்.

அக்காலத்தில் அமெரிக்க மக்களை மிகுதியாக மாய்த்தது இதய நோயே ஆகும். நேற்று வரை நலமாய் உழைத்தவர் இன்று நெஞ்சைப் பற்றிக்கொண்டு வீழ்ந்தார். காரணம் யாது என வினவினால், முதுமை என்றனர் சிலர். விதி என்றனர் வேறு சிலர். குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூசுவெல்ட்டின் குருதியழுத்தம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறி வந்தது. 1945 ஏப்ரல் 12 ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து அவர் மாண்டார். அன்று அவ்வழுத்தம் 300/190 என்னும் அளவை எட்டியிருந்தது. நலமுடையார்க்கு அது 120/80 என்னும் அளவை ஒட்டியே இருக்கும். நாட்டின் தலைவரையே காக்க இயலாத நிலையில் அன்றைய மருத்துவம் இருந்தது.

1948 இல் இதய நோயை ஆராய்வதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அவ்வாண்டே ஆய்வாளர் பிராமிங்காமிற்கு வந்தனர். அவர்கள் தேடியது நோயாளரை அன்று, நலமுடையோரையே தேடினர். முப்பது முதல் அறுபத்திரண்டு வயது வரையுள்ள 5,209 பேர் ஆய்வில் சேர்ந்தனர். அவருள் 2,873 பேர் பெண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அவர்கள் வந்து குருதி கொடுத்தல் வேண்டும். உடலைச் சோதிக்க விடுதல் வேண்டும். உணவு, புகைபிடித்தல் முதலிய பழக்கங்களை மறையாது உரைத்தல் வேண்டும். ஆய்வாளர் மருந்து தருவதில்லை. கண்டதை அவரவர் மருத்துவருக்குத் தெரிவிப்பர், அவ்வளவே. தமக்குள் யாரோ சிலர் நோயுற்று இறப்பர் என்பதும், அவ்விறப்பிலிருந்தே உலகம் பாடம் கற்கும் என்பதும் அந்நகரத்தார்க்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தே வந்தனர். இத்தகைய கொடையைப் போர்வீரரிடம் மட்டுமே எதிர்பார்ப்பது உலக வழக்கம்!

ஆய்வாளர் குருதியில் அளந்த பொருள்களுள் ஒன்று கொலஸ்டிரால். மெழுகு போன்ற அக்கொழுப்பை நம் கல்லீரலே ஆக்குகிறது. உயிரணுக்களின் சவ்வுக்கு அது இன்றியமையாதது. ஆகவே அதனைப் பகையென்று கொள்ளுதல் தவறு. எண்ணெய் நீரில் கலவாதது போல அதுவும் குருதியில் கலவாது. புரதத்தோடு சேர்ந்த சிறு பொதிகளாகவே செல்லும். அடர்த்தி குறைந்த பொதிகள் மிகுந்தால், அவை தமனிச் சுவரினுள் புகுந்து தங்கிவிடும். அடர்த்தி மிகுந்தவை எஞ்சியதைக் கல்லீரலுக்கு மீட்டுச் செல்லும். சுவரில் திரண்ட படிவு ஒருநாள் வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கும்போது, இதயத் தசை உயிர்வளியின்றி மடிகிறது. அதுவே மாரடைப்பு.

1913 இலேயே உருசிய நாட்டு அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் இப்படிவு உண்டாதலைக் காட்டினார். புல் தின்னும் முயலுக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமோ என்று பலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. அதற்கு விடை அளித்தவர்கள் பிராமிங்காம் மக்கள். புகைபிடித்தல் இதய நோயைப் பெருக்கும் என 1960 இலும், கொலஸ்டிராலும் குருதியழுத்தமும் மிகுந்தோரை அந்நோய் மிகுதியாகப் பற்றும் என 1961 இலும் அவ்வாய்வு எடுத்துரைத்தது. விதி என்று கருதப்பட்டது அளந்தறியக் கூடியதாயிற்று. அளந்தறியக் கூடியதைக் குறைக்கவும் முயலலாம் அன்றோ?

அவ்வாய்வில் ஒரு குறையும் உண்டு. முதலில் சேர்ந்தோர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையரே. பிற இனத்தார் 1994 முதலே சேர்க்கப்பட்டனர். பின்னர் 52 நாடுகளில் நடந்த வேறோர் ஆய்வு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்க்கு வருவதினும் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதைக் காட்டிற்று. நம்மவர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதாகக் கொள்ளத் தக்கதன்று. 'கொலஸ்டிரால் அற்றது' என்று புட்டியின்மேல் அச்சிட்டிருத்தலைக் கண்டு மயங்குவோர் பலர். நெய்யிலும் வெண்ணெயிலும் மட்டுமன்றித் தேங்காயெண்ணெயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, குருதியின் கொலஸ்டிராலை உயர்த்தும். வனஸ்பதி போன்ற இறுகிய கொழுப்போ இன்னும் தீது. பயறு, கீரை, பழம், தீட்டாத தானியம் ஆகியவை உதவும். நாள்தோறும் விரைந்து நடத்தலும் உதவும். சிலர்க்குப் பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்திருக்கும். அவர்க்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். 1973 இல் சப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணம் ஒன்றில் கண்டெடுத்த பொருளே அம்மருந்துகளுக்கு முன்னோடி. தொடக்கத்தில் இந்நிலைக்கு வலியோ வேறு அறிகுறியோ இல்லாமையால், குருதியைச் சோதித்தே அறிதல் இயலும்.

1971 இல் பிராமிங்காம் மக்களின் பிள்ளைகள் ஆய்வில் சேர்ந்தனர். 2002 இல் பேரப்பிள்ளைகளும் வந்து, தம் பாட்டனும் பாட்டியும் நீட்டியது போலவே குருதி கொடுக்கக் கையை நீட்டினர்.