கூடவே வரும் சமையலறை

கோடை விடுமுறைக்கு மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. பெட்டியில் எதையெல்லாம் வைப்பது, அந்தப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு பொருள் எந்தச் சிரமத்தைத் தீர்க்கப் பிறந்தது என்று தெரிந்தால், அதை எப்படிக் கொண்டுபோவது என்பதும் தெரிந்துவிடும்.

வெளியூரில் தங்கி நாமே சமைத்துக்கொள்ளும் வழக்கம் எப்போது தொடங்கியது? (வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. சத்திரங்களின் நடைமுறையை அவர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் அங்கே சமைத்த சோறு உண்டு. அதை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுத்துவிடுவார்கள். அன்று தனியாக அடுப்பு மூட்டியதற்குச் சாதி ஆசாரம் பெரிய காரணம். இன்று குழந்தைகளின் வயிறும் நம் கையிருப்பும் காரணம். மாறவேண்டிய விதத்தில்தான் மாறியிருக்கிறது.

விடுமுறைக்கென்றே அடுப்போடு வீடு தரும் ஏற்பாட்டுக்கு பிரான்ஸ் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பூட்டிக்கிடந்த வீடுகளைச் செப்பனிட்டு நகரத்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எமீல் ஒபேர் என்ற செனட்டர் முயன்றார். ஆல்ப்ஸ் பகுதியில் 1951இல் முதல் ‘ழீத்’ வீடு திறந்தது. 1955இல் அதற்கு ஒரு தேசியக் கூட்டமைப்பே உருவானது. ஓட்டல் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களும் அதனால் விடுமுறைக்குப் போக முடிந்தது.

வீட்டை முன்பதிவு செய்யும்போதே அடுப்பு எத்தனை பர்னர், காஸ் உண்டா, மிக்ஸி உண்டா, பாத்திரங்கள் எத்தனை பேருக்கு என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பெட்டி குறையும்.

கட்டுச்சோறு என்றால் ஏன் புளியோதரைதான்? (வாசகி, திருச்சி)

வழிநடைக்குச் சோறு கட்டும் வழக்கத்தின் தொன்மைக்குப் பெரியபுராணமே சாட்சி. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்துவந்த அப்பருக்குச் சிவபெருமான் வேதியர் உருவில் வந்து பொதிசோறு தந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். திருக்குருகாவூரில் சுந்தரருக்கும் அப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு.

புளியோதரை நிலைத்ததற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. வெறும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும்; சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கின்றன. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி ஊசிவிடும். மிச்சப் புளிக்காய்ச்சலைத் தனி பாட்டிலில் எடுத்துக்கொண்டால், போய்ச் சேர்ந்த மறுநாளும் ஒரு வேளைச் சாப்பாடு தயார். தேங்காய்ச் சட்னியை மட்டும் பயணத்தில் நம்பவேண்டாம்.

கொடைக்கானலில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே, ஏன்? குக்கரைச் சுமந்துபோக வேண்டுமா? (வாசகி, தேனி)

கட்டாயம் சுமந்துபோங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஊட்டி அதைவிடச் சற்று அதிகம். அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் அடம்பிடிப்பது அதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு விடை 1679இல் பிறந்தது. டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில் இறுக்கமான மூடியுள்ள ஒரு பாத்திரத்தைக் காட்டினார். ஆவியை உள்ளேயே அடைத்துவைத்தால் அழுத்தம் கூடி, நீரின் கொதிநிலையும் கூடும். எலும்பே மெத்தென்று ஆகும் அளவுக்கு அது வேகவைத்தது. பாத்திரம் வெடித்துவிடாமலிருக்க எடை வைத்த வால்வ் ஒன்றையும் அவர் அமைத்தார். நம் குக்கர் வெயிட்டுக்கு அதுதான் மூதாதை. இந்தியாவில் குக்கர் தயாரிப்பு 1950களின் இறுதியில் சூடுபிடித்தது.

மலையில் குக்கருக்குள்ளும் சூடு சமவெளியைவிடச் சற்றுக் குறைவுதான். ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறவையுங்கள். வெயிட்டையும் கேஸ்கெட்டையும் குக்கருக்குள்ளேயே போட்டு மூடிவிடுங்கள். அவற்றை வீட்டில் மறந்துவிட்டால் குக்கர் வெறும் பாத்திரம்தான்.

பிளாஸ்க்கைக் கண்டுபிடித்தவர் யார்? குழந்தைக்குப் பாலை அதில் கொண்டுபோகலாமா? (வாசகர், மதுரை)

கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டூவர். 1892இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் திரவமாக்கிய வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கடுங்குளிரான அந்தத் திரவங்களுக்குள் வெளிச்சூடு புகாமல் காக்கவேண்டியிருந்தது. இரட்டைச் சுவருள்ள கண்ணாடிக் குடுவை செய்து, இடையிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, வெள்ளிப் பூச்சும் பூசினார். காப்பியைச் சூடாக வைக்கவும் இது உதவும் என்று அதை 1904இல் கடைச்சரக்காக்கியது ரைன்ஹோல்ட் பர்கர் தொடங்கிய ஜெர்மனியின் தெர்மோஸ் நிறுவனம்.

ஆக, பிளாஸ்க் பிறந்ததே குளிரைக் காக்கத்தான். பயணத்தில் தயிரையும் மோரையும் அதில் கொண்டுபோகலாம். ஆனால் குழந்தையின் பாலை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்திருக்கவே கூடாது. கிருமி வளர அதைவிட வசதியான இடமில்லை. கொதித்த நீரை பிளாஸ்க்கில் ஊற்றுங்கள். பால்பவுடரைத் தனியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது கலக்குங்கள். அந்தப் பவுடருக்கும் ஒரு கதை உண்டு. எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்த காலத்தில், அதைச் செய்துகாட்டியவர் ஆனந்த் கூட்டுறவுப் பால்பண்ணையின் பொறியாளர் எச்.எம். தலாயா. 1955இல் அங்கே நேரு திறந்துவைத்த ஆலையில் அது பெருமளவு உற்பத்தியானது.

முன்பெல்லாம் பம்ப் ஸ்டவ்வையே எடுத்துப்போவார்கள். இப்போது என்ன கொண்டுபோகலாம்? (வாசகர், விருதுநகர்)

பம்ப் ஸ்டவ்வும் 1892இல் வந்ததுதான். சுவீடனின் ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் அதை உருவாக்கினார். திரி கிடையாது. பம்ப் அடித்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் மேலேறி, பர்னர் சூட்டில் ஆவியாகி, கரி பிடிக்காமல் நீலமாக எரியும். 1911இல் தென் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் குழுவிடமும் பிரைமஸ் என்று பெயரிட்ட இந்த ஸ்டவ் இருந்தது.

வாடகை வீட்டில் காஸ் இருக்கும்போது இன்று அது தேவையில்லை. ரயிலில் அடுப்போ காஸ் சிலிண்டரோ மண்ணெண்ணெயோ கொண்டுபோவது குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது. தீப்பெட்டியைக்கூடப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டிக்கும் உங்கள் மாவட்டத்துக்கும் உறவு உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தொடங்கினார்கள். இன்றைய குச்சியைக் கண்ட இடத்தில் உரசினால் பற்றாது. பற்றவைக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. மலைப் பனியில் பெட்டி நமத்துப்போனால் குச்சிகள் இருந்தும் பயனில்லை. மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

போன கோடையில் அம்மா அங்கேயும் அடுப்படியிலேயே நின்றார். இந்த முறை என்ன எடுத்துப்போனால் அவருக்கும் விடுமுறை கிடைக்கும்? (பள்ளி மாணவி, திருப்பூர்)

மிக நல்ல கேள்வி. மேலே சொன்ன பொருள்கள் பலவும் யாரோ ஒருவரின் அடுப்படி நேரத்தைக் குறைத்தவை. பெட்டியை அடுக்கும்போதும் அதையே அளவுகோலாக வையுங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ள: புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, தாளிதத்தோடு வறுத்த ரவை. அரிசி பருப்பை வேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து, மேலே தண்ணீர் அளவை எழுதிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். அஞ்சறைப் பெட்டி, உப்பு, எண்ணெய், காப்பிப்பொடி, ஃபில்டர் வேண்டும். கூர்மையான கத்தி, இடுக்கி, தேங்காய்நார், பாத்திர சோப்பு, கைப்பிடித் துணி, குப்பைப் பை ஆகியவற்றை வாடகை வீட்டில் எதிர்பார்க்காதீர்கள். குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. அங்கே போவதற்கான இ-பாஸையும் புறப்படும் முன் எடுத்துவிடுங்கள். காய்கறி, பால், முட்டை அங்கேயே கிடைக்கும், மலைக்காரர்களிடமே வாங்குங்கள்.

இவற்றோடு ஒரு தாளும் வேண்டும். காலை காப்பி யார், மதியச் சமையல் யார், பாத்திரம் துலக்குவது யார் என்று நாள்வாரியாக எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். அப்பாவுக்கு சாம்பார் வைக்கத் தெரியாது என்றால் ஊர் கிளம்பும் முன் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அம்மாவின் பெயர் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.