பத்திரம் இல்லாத பிள்ளையும் பல்கலைக்கழகமும்

1995 ஒக்டோபரில் குருநகரையும் வலிகாமத்தையும் விட்டுப் புறப்பட்டபோது காணி உறுதியை மடியில் கட்டியோர் உண்டு. பிறப்புப் பத்திரத்தை மறந்தோரும் உண்டு. 2009இல் வன்னியில் பிறந்து, பதியப்படாமற்போன பிள்ளைகளுக்கு இன்று உயர்தர வகுப்பு வயது. பத்திரமின்றி அடையாள அட்டை இல்லை. அட்டையின்றிப் பரீட்சை எழுதுவது சிக்கல்.

பத்திரம் தொலைந்தது வேறு, பதிவே இல்லாதது வேறு. பதிவிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். தேடியும் பதிவில்லையெனில் உத்தேச வயதுச் சான்றிதழ் கேளுங்கள். கோவிலின் ஞானஸ்நானப் பதிவும் பாடசாலைச் சேர்விடாப்பும் அங்கே கைகொடுக்கும். விதைநெல்லுக்கு அலைவதில் பாதி அலைந்தாலே போதும்!

அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் படிப்புக்குக் கட்டணமில்லை. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்குமே காசு தேவை. அதற்கு 1981இல் சட்டமான மகாபொல புலமைப்பரிசில் உண்டு. திறமைக்கும் தருவார்கள், குறைந்த வருமானத்துக்கும் தருவார்கள். வருமானத்தை அத்தாட்சிப்படுத்த கிராம உத்தியோகத்தர் வேண்டும். இப்போது குடியிருக்கும் விலாசத்தை அவரிடம் முதலில் பதியுங்கள்.