நிப்பிள் வைத்தால் வண்டி மலை ஏறிவிடுமா?

ஏற்காட்டுப் பக்கம் மாரமங்கலத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பிக்கப்பின் முன்சக்கரத்தைப் போன வாரம் கழற்றினேன். சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு பிணைக்கும் இடதுபக்க லோயர் பால் ஜாயின்ட்டின் மூடியில் நட்டநடுவே ட்ரில் போட்டு, மரை வெட்டி, ஒரு கிரீஸ் நிப்பிளைத் திருகி வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் நிப்பிள் கிடையாது.

“யாரு தம்பி இதை வெச்சது?”

“மலையில எல்லாரும் வெக்கிறாங்கண்ணா. நிப்பிள் இல்லாதது டூப்ளிகேட்டாம். மலை வண்டிக்கு நிப்பிள் வெச்ச ஜாயின்ட்தான் தாங்குமாம்.”

இந்த ‘தாங்குமாம்’, ‘டூப்ளிகேட்டாம்’ எல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் பெயர் சொல்லமாட்டார்கள். சேலத்தில் முப்பது வருஷமாக முன்சக்கரத்துக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன். இந்த ஒரு பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உதிரிபாகக் கடைக்காரர்களும் இப்போது இதையே சொல்லி விற்கிறார்கள். அதனால் இன்று இதை முழுசாகப் பேசிவிடலாம்.

அந்தத் தம்பியின் ஜாயின்ட்டை வைஸில் மாட்டி ஹேக்ஸா பிளேடால் அறுத்துக் காட்டினேன். உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட இரும்புக் குண்டு. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். குண்டு அந்தக் கிண்ணத்தில்தான் உருளும், இரும்போடு இரும்பு உரசாது. ஆயுசுக்கும் போதுமான கிரீஸை வைத்து மூடித்தான் அனுப்புகிறார்கள். ட்ரில் போட்டவர் அந்தக் கிண்ணத்தையும் சேர்த்துத் துளைத்திருந்தார். துளைத்தபோது உதிர்ந்த இரும்புத்தூள் கிரீஸோடு கலந்து, குண்டின் மேல் வட்ட வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. பிறகு கிரீஸ் கன்னை வைத்து அடி அடியென்று அடித்திருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத கிரீஸ், ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட்டின் வளையத்தைத் தள்ளிக்கொண்டு பிதுங்கிவிட்டது. அந்த இடைவெளியில் செம்மண் சேறு உள்ளே போய்விட்டது. நல்ல ஜாயின்ட்டைக் காசு கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து முளைத்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். எஸ்டேட்டுக்குள் மோட்டார் வண்டி என்றால் அதற்கு வெகுகாலம் கழித்து ஜீப்தான். 1940களின் கடைசியில் மகிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்கத் தொடங்கியது. அந்த ஜீப்பில் எங்கே தொட்டாலும் நிப்பிள் இருக்கும். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிளில், டை ராடு முனையில், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில். கிரீஸ் அடிப்பது எஸ்டேட் டிரைவருக்கு வாராந்திர வேலை. அப்பாவும் தாத்தாவும் நிப்பிளுக்குக் கிரீஸ் அடித்தே வண்டி ஓட்டினார்கள், வண்டியும் ஓடியது. ஆகவே நிப்பிள்தான் ஓட்டியது என்று பேரன் முடிவு கட்டிவிட்டான். வாராவாரம் கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் புகுந்த ஆளை மறந்துவிட்டான்.

இன்னொரு காரணம் கைப்பேசி வீடியோ. ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 என்று அமெரிக்கக் கனரக பிக்கப்புகளைக் காட்டி, ‘முழுக்க இரும்பு, கிரீஸ் போடும் ஜாயின்ட் வாங்குங்கள்’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார். அந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன்னால் ஒரே கட்டையான ஆக்சில், அதன் ஒவ்வொரு நுனியிலும் மேலே ஒன்று கீழே ஒன்றாக பால் ஜாயின்ட். அமைப்பே வேறு. அந்த ஊரில் அதை வாங்குகிறவர் பலரும் வீட்டுக் கொட்டகையிலேயே கிரீஸ் கன் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறவர். நம் தம்பி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நிப்பிள் வைத்தே கம்பெனி செய்யும் ஜாயின்ட் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதில் பழைய கிரீஸ் கசிந்து வெளியேறும்படியே பூட்டை வடிவமைத்திருப்பார்கள். புதுக் கிரீஸ் போகும்போது உள்ளே புகுந்த தண்ணீரையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு வரும். ஒழுங்காக அடித்தால் நல்ல பொருள். அடிக்காவிட்டால், உள்ளே இரும்புக் கிண்ணமாக இருக்கும் பட்சத்தில், துருப் பிடித்து, சீல் வைத்த ஜாயின்ட்டைவிடச் சீக்கிரம் போகும். ஆக, கடையில் கேட்க வேண்டியது ‘நிப்பிள் இருக்கா’ என்று அல்ல. ‘நான் மாதாமாதம் கிரீஸ் அடிப்பேனா’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சில் கைவைத்து ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாதவர் சீல் வைத்ததையே வாங்கட்டும்.

என் பட்டறையில் ஒரு பழைய எண்ணெய் டின் இருக்கிறது. கழற்றிப்போட்ட ஜாயின்ட்டுகளை அதில் சேர்த்து வைப்பேன், நம்பாதவர்களுக்குக் காட்ட. அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதைதான்: முதலில் ரப்பர் பூட் கிழிந்தது, பிறகுதான் மற்றதெல்லாம். பூட் முழுசாக இருக்கும்வரை ஏற்காடு மழையும் ஒன்றும் செய்யாது. கிழிந்துவிட்டால் நிப்பிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மலையில் காலக்கணக்கு வேறு நமக்கு எதிரி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடிக்கும். சேறும் சுமையும் ஒரே சமயத்தில் வண்டி மேல் ஏறுகின்றன. எஸ்டேட் பாதைப் பள்ளங்களில் குலுங்கி, ஏற்காடு வந்து, அங்கிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஸ்டீரிங்கைக் கோடிவரை ஒடித்த நிலையில், அந்தப் பாரத்தோடு, ஜாயின்ட் தன் சாய்மானத்தின் எல்லைக்கே போகிறது. பெரும்பாலும் அந்த மழைக்கு முன்னால்தான் ஆயுத பூஜை வருகிறது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க எப்படியும் குனியத்தான் போகிறீர்கள். குனிந்த கையோடு டார்ச்சை அடித்துப் பூட்டைப் பார்த்தால் என்ன?

இனி வாங்கும் விஷயம். முதலில் உங்கள் வண்டியில் பால் ஜாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். 2005இல் வந்த டாடா ஏஸ் போல முன்னால் குறுக்கே ஒரே ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் இருந்தால், அங்கே சக்கரம் திரும்புவது கிங் பின்னில். லாரிப் பட்டறைகளில் டை ராடு எண்டையும் ‘பால் ஜாயின்ட்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்ல, கடைக்காரர் இன்னொன்றைக் கொடுக்க, மலையேறிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. இசுசு டி-மேக்ஸ் மாதிரி சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று இருந்தால்தான் நாம் பேசும் பால் ஜாயின்ட்.

அதிலும் எல்லா ஜாயின்ட்டும் ஒரே அளவு பாரம் சுமப்பதில்லை. ஸ்பிரிங் எந்த ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த ஆர்மின் ஜாயின்ட்தான் வண்டியைச் சுமக்கிறது. பெரும்பாலும் அது கீழ் ஆர்ம். மற்றது சக்கரம் சாயாமல் பிடித்துக்கொள்ளும் துணைக்கை. காசு குறைவாக இருக்கிறது, ஒன்றில்தான் நல்ல கம்பெனிப் பொருள் போட முடியும் என்றால், அது சுமக்கிற ஜாயின்ட்டாக இருக்கட்டும். சில வண்டிகளில் பாரம் குண்டைக் கிண்ணத்துக்குள் அமுக்கும். சிலவற்றில் கிண்ணத்திலிருந்து வெளியே இழுக்கும். இழுக்கிற வகையில் தேய்மானம் முற்றினால் குண்டு ஒரு பள்ளத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சக்கரம் மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் குத்தும். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை” என்பார்கள். ஜாக்கியை எங்கே போட்டீர்கள்? சேசிஸில் போட்டுத் தூக்கினால், கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்துபோன ஜாயின்ட்டும் நல்லபிள்ளை மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஜாக்கியை ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாகப் போட்டுத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றுபோகிற ஆட்டம் வீல் பேரிங்கினுடையது.

இதே மாதிரி இன்னும் சில பேச்சுகள் உண்டு. ‘சத்தம் வந்தால் மாத்திக்கலாம்.’ பல ஜாயின்ட் சத்தம் போடாமலே போகும். சத்தத்துக்குக் காத்திருப்பது பல் விழுந்த பிறகு பல் மருத்துவரிடம் போவது.

‘கையால் அசைக்க முடியாத அளவு டைட்டாக இருந்தால்தான் ஒரிஜினல்.’ இல்லை. பிளாஸ்டிக் கிண்ணம் வைத்ததில் சிலவற்றைக் கையாலேயே அசைக்கலாம், உரசலைக் குறைக்கத்தான் அந்தக் கிண்ணமே. அளவுக்கு மீறி இறுக்கமானதைப் போட்டால் வளைவு முடிந்த பின்னும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது.

‘ஒன்று போனால் நாலையும் மாத்தணும்.’ இது பில்லைப் பெரிதாக்கும் பேச்சு. மற்றவற்றைச் சோதியுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

‘லூஸாகிவிட்டதா, நாலு இடத்தில் வெல்டிங் வைத்தால் நிற்கும்.’ அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் என்ன ஆகும் என்று வெல்டரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால் திட்டுவேன்.

டூப்ளிகேட் பயம் நியாயமானதே. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி நிப்பிள் அல்ல. சேசிஸ் நம்பரைச் சொல்லிப் பார்ட் நம்பர் வாங்குங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குள்ளேயே வருஷத்துக்கு வருஷம் அளவு மாறுகிறது. சென்னையில் 1929இல் வண்டி விற்கும் கடையாகத் தொடங்கிய ரானே, இன்று ஸ்டீரிங் இணைப்புகளும் பால் ஜாயின்ட்டும் செய்கிற நிறுவனம். இப்படி முகவரி உள்ளவர்கள் செய்த பொருளை, பில் போட்டு, சீல் உடையாத பெட்டியில் வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய்த் தண்டின் கூம்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூம்பின் சாய்வு கொஞ்சம் மாறினாலும், மேலே நட் இறுகினதுபோல் தெரியும், உள்ளே தண்டு ஆடிக்கொண்டிருக்கும்.

நட் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஜாயின்ட்டை ஸ்பேனருக்குக் குழாயை மாட்டி ‘உம்’ என்று ஒரு இழுப்பு இழுத்து முடிக்கிறார்கள். எவ்வளவு இறுக்கம்? ‘கைக்கணக்கு.’ யார் கை? காலையில் வந்த கையா, சாயங்காலம் களைத்த கையா? இறுக்கம் குறைந்தால் கூம்புத் துளை நீள்வட்டமாகிவிடும், தண்டு ஒருநாள் முறியும். ஸ்பிளிட் பின் துளைக்கு நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வெட்டு நேராக வரும்வரை முன்னால்தான் இறுக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மாட்டுகிறவர்களும் உண்டு. சில ரூபாய்க்குக் கிடைக்கிற பின் அது.

அடுத்த முறை வண்டியை விடும்போது, இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பட்டறையில் எங்கே என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் சாவியைக் கொடுங்கள். “அதெல்லாம் ஷோரூம்லதான் அண்ணா” என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள். அந்த மாரமங்கலம் தம்பிக்கு இரண்டு பக்கமும் புது ஜாயின்ட் போட்டு, ரெஞ்ச்சை அவர் கையிலேயே கொடுத்து ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இழுக்கச் சொன்னேன். இழுத்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “மேல் ஜாயின்ட்டுக்காவது ஒரு நிப்பிள் வெச்சுக்கலாமாண்ணா?” என்றார்.