மாத்தூரிலிருந்து ஒரு வில்லன்

அன்புத் தம்பி,

ரெஸ்லிங் ஷோவில் உனக்கு வில்லன் வேஷம் கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். வருத்தத்தை விடு. அந்த வளையத்துக்குள் கடினமான வேலை உன்னுடையதுதான். பெரும்பாலும் ஆட்டத்தை நடத்திப் போகிறவன் வில்லன். எங்கே வேகம் கூட்டுவது, எங்கே மூச்சு வாங்க விடுவது, அடுத்த பிடி என்ன என்று எதிராளியின் காதில் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. நடுவர் கண்ணில் படாமல், ஆனால் கடைசி வரிசைப் பையனுக்கும் தெரியும்படி கள்ளாட்டம் ஆட வேண்டும்.

முதலில் விழக் கற்றுக்கொள். கேன்வாஸுக்குக் கீழே மெல்லிய மெத்தை, அதற்குக் கீழே பலகை, அதற்கும் கீழே இரும்புச் சட்டம். விழுந்தால் வலிக்கும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்துத் தரையில் அறைந்து, மேல்முதுகு முழுவதும் ஒருசேரப் படும்படி விழ வேண்டும். நீ தூக்கி அடிக்கும்போது எதிராளி தன் கழுத்தை உன்னை நம்பித்தான் கொடுக்கிறான். கூட்டம் "கொன்னுடப் போறான்" என்று அலறும்; நீ அவனைப் பத்திரமாக இறக்க வேண்டும்.

வில்லன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: மல்யுத்த வீரர் தாராசிங் பெயரைச் சொல்லும் பெரியவர்கள் கூடவே அவருக்கு எதிரே நின்ற கிங்காங் பெயரையும் சொல்வதைக் கேட்டிருப்பாய். எமில் சாயா என்பது கிங்காங்கின் இயற்பெயர். ஹங்கேரியிலிருந்து வந்து, சிங்கப்பூரை வீடாக்கிக்கொண்டு, 1970இல் கார் விபத்துக்குப் பின் இறந்துபோனவர். அந்த மலை உடம்பும் உறுமலும் எதிரே நிற்காமல் தாராசிங் அத்தனை பெரிய நாயகனாகியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

டைகர் ஜீத் சிங்கின் கதை உனக்கு இன்னும் நெருக்கமானது. பஞ்சாபில் பிறந்து கனடா போனவர். ஜப்பானில் அவருக்கு அமைந்த வேஷம், தலைப்பாகையோடு வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு வரும் வெறியன். 1973 நவம்பரில் டோக்கியோவின் ஷின்ஜுகுவில், நட்சத்திர வீரர் அன்டோனியோ இனோகியை மனைவியோடு இருந்தபோது நடுத்தெருவிலேயே தாக்கினார். காவல்துறை வரை போனது அந்தச் சம்பவம். இனோகிக்கும் அவருக்குமான மோதலை ஜப்பான் இன்றும் பேசுகிறது. கனடாவின் மில்டன் நகரிலோ 2010இல் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். அவர் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் தலைப்பாகையே பயத்துக்கு அடையாளமாக நின்றது என்னை உறுத்துகிறது. கூட்டத்துக்குக் கோபம் வந்ததில் அவர் ஆட்டத்துக்கு எவ்வளவு பங்கு, அவர் பிறப்புக்கு எவ்வளவு பங்கு?

பிறப்பை வைத்தே பயமுறுத்தும் வேஷத்தை உன்னிடமும் கேட்பார்கள். "மாத்தூரா? அப்போ லுங்கியைக் கட்டு, கத்தியைச் செருகு, வடசென்னை ரவுடியா வா" என்பார்கள். சினிமா பல காலமாக நம் பக்கத்து ஆட்களுக்குத் தைத்து வைத்திருக்கும் சட்டை அது. தயவுசெய்து போட்டுக்கொள்ளாதே. கைதட்டல் உடனே வரும், தெரியும். ஆனால் உன்னைப் பார்த்து ஊளையிடுகிறவன் மணலியிலிருந்து வேலைக்கு வரும் அடுத்த பையனையும் அதே கண்ணால்தான் பார்ப்பான். சாதி, மதம், ஏரியா பெயரைச் சொல்லிக் கூட்டத்தைச் சீண்டுவதும் வேண்டாம். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டைப் படத்தில் டான்ஸிங் ரோஸ் எதிர்ப்பக்கத்துக்காரன்தான்; அவனை நாம் மறக்காததற்குக் காரணம் அந்தக் கால்களின் ஆட்டம். உடம்பிலிருந்து வில்லனை உண்டாக்கு.

யோசனை ஒன்று சொல்கிறேன். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை உழைக்கிறவர்கள் எரிச்சல்படும் ஆள் யார்? கூலியைப் பிடித்தம் செய்கிற லேபர் கான்ட்ராக்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கக்கத்தில் வருகைப் பதிவேடு. எதிராளியைக் கீழே தள்ளியதும் பதிவேட்டைத் திறந்து நிதானமாக அவனுக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டு. நடுவர் தட்டிக்கேட்டால் அவர் பெயரையும் அடித்துவிடு. அடுத்த ஒத்திகையில் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்