ஆற்றங்கரையில் ஒரு பாடவேளை

கடற்கரை, கடல்சார் பூங்கா என்று பாடம் தொடங்கினால், கடமலைக்குண்டு மாணவர்கள் "நம்ம ஊர்ல கடல் இல்லையே, டீச்சர்" என்பார்கள். கடலுக்குச் செல்லும் வழி ஊரோரத்திலேயே இருக்கிறது: மூல வைகை.

வகுப்பு: 6 முதல் 8 வரை

செயல்பாடு 1: வரைபடம்
வருசநாட்டு மலையிலிருந்து வைகை அணை, மதுரை, இராமநாதபுரம் வழியாகப் பாக் நீரிணை நோக்கி ஆற்றை வரையச் செய்யலாம். தொடக்கத்தில், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். முடிவில், இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. இரண்டையும் குறிக்கட்டும்.

செயல்பாடு 2: களப்பயணம்
பறவை, கால்தடம், செடி, குப்பை என நான்கு குழுக்கள். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையலாம்.

கவனம்: தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் இசைவும் தேவை. ஊரில் மழையில்லாவிட்டாலும், மலையில் பெய்தால் வறண்ட ஆற்றில் திடீரென வெள்ளம் வரும். அத்தகைய நாளில் பயணம் வேண்டாம்.

மதிப்பீடு
ஒரு பாலித்தீன் பையைக் காட்டி, "அடுத்த வெள்ளத்தில் இது எங்கே போகும்?" எனக் கேளுங்கள். "கடலுக்கு" என்பது சரி. "வைகை அணைக்கு, மதுரைக்காரங்க அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறாங்க" என்று ஒரு மாணவர் சொன்னால், பாடம் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.