ஆர்.என்.ஏ வெறும் தூதுதானா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரிப் பருவ நெல் பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வயலில் தண்ணீர் நின்றாலும் மகரந்தச் சேர்க்கை கெட்டுப் பதர் கூடும். சூடு ஏறும்போது உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. அதைத் தடுப்பவை சாப்பரோன் எனப்படும் துணைப்புரதங்கள். நெல்லுக்கும் ஈக்கும் மனிதருக்கும் இந்தக் காவல் பொது. இவற்றை ஆராய ஆர்.என்.ஏ மூலக்கூறுகளை உருவாக்குகிறார்கள் என்றதும் இரண்டு நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன: ஆர்.என்.ஏ மரபணுச் செய்தியைச் சுமக்கும் தூது மட்டுமே. அது உயிரணுவுக்குள் போனால் மரபணுவையே மாற்றிவிடும்.

முதல் நம்பிக்கை பாதி உண்மை. அந்தப் பாதியே மற்றதை மறைத்துவிட்டது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் அந்த இயந்திரத்தின் மையத்தில் வேலை செய்வது ஆர்.என்.ஏதான். ஆர்.என்.ஏவும் மடியும், வடிவம் எடுக்கும், இன்னொரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். கோடானுகோடி ஆர்.என்.ஏ வரிசைகளைக் கலந்து, வேண்டிய இலக்கைப் பற்றுபவற்றை மட்டும் பிரித்துப் பெருக்கி, மறுபடியும் வடிகட்டும் முறை 1990இல் வெளியானது. அப்படித் தேறி வருபவற்றுக்கு ஆப்டமர் என்று பெயர்.

சாப்பரோன்களுக்கு ஏன் இந்த வழி? மரபணுவை அழித்துப் பார்த்தால் உயிரணு சாகலாம், அல்லது வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். மருந்தால் ஹெச்.எஸ்.பி. 90 என்ற சாப்பரோனை முடக்கினால், ஹெச்.எஸ்.எஃப். 1 என்ற புரதம் விழித்துக்கொண்டு ஹெச்.எஸ்.பி. 70 உள்ளிட்ட மற்ற சாப்பரோன்களைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கும். எதன் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அந்த ஹெச்.எஸ்.எஃப். புரதத்தையே ஆய்வாளர்கள் குறிவைத்தார்கள். பழ ஈயின் ஹெச்.எஸ்.எஃப். டி.என்.ஏவைப் பற்றவிடாமல் தடுக்கும் ஆப்டமரை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். ஈஸ்ட், ஈ என்று சோதித்து, 2014இல் மனிதப் புற்றுநோய் உயிரணுக்களிலும் அதே ஆப்டமரைச் செலுத்தியபோது சாப்பரோன்களின் அளவு குறைந்தது; உயிரணுக்கள் இறந்தன. ஆணையிடும் புரதத்தைப் பிடித்து நிறுத்தி, அதன் கீழுள்ள பணியாளர்களின் பங்கைக் கண்ட சோதனை இது.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். இந்த ஆப்டமர் மரபணுவை மாற்றவில்லை; புரதத்தைத்தான் பிடித்துக்கொண்டது. இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ உயிரணுவுக்குள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், அந்தச் சோதனைகளில் ஆப்டமரை உற்பத்தி செய்யும் செயற்கை மரபணுவையே உள்ளே வைத்தார்கள். அப்படியானால் மரபணு மாற்றம்தானே? அங்கே கூடுதலாக மரபணு சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் சேர்த்தது ஆய்வாளர், டி.என்.ஏ வழியாக. ஆப்டமர் செய்தது புரதத்தைப் பற்றிக்கொண்டது மட்டுமே. மரபணு எதையும் சேர்க்காமல் ஆப்டமரை நேரடியாகச் செலுத்துவதும் உண்டு: பார்வையைப் பறிக்கும் ஒரு விழித்திரை நோய்க்கு, கண்ணுக்குள் ஊசியாகப் போடும் ஆர்.என்.ஏ ஆப்டமர் மருந்துக்கு 2004இலேயே அமெரிக்கா அனுமதி தந்தது.

ஹெச்.எஸ்.எஃப். ஆப்டமரைப் பற்றி இங்கே சொன்னவை ஆய்வுக்கூட முடிவுகள். அதைக் காட்டி யாராவது புற்றுநோய்ச் சிகிச்சை விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள்; ஆர்.என்.ஏ என்ற பெயரைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது, எப்படி உள்ளே போகிறது என்று கேளுங்கள்.