புல்லா, கோரையா, ஜங்கஸா?

பாய் முடையும் கோரையை நீங்கள் அறிவீர்கள். ஜப்பானியர் வீட்டுத் தரையில் பதிக்கும் ‘தத்தாமி’ பாயின் மேற்பரப்பும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். ஆனால் அதை நெய்வது கோரையால் அன்று. ஜங்கஸ் எஃபுசஸ் என்னும் வேறு குடும்பச் செடியால். ஓடைக்கரையிலும் ஈரப் புல்வெளியிலும் புல், கோரை, ஜங்கஸ் மூன்றும் பச்சைக் குச்சிகளாய் அருகருகே வளர்வதுண்டு. எப்படிப் பிரித்தறிவது?

முதல் சோதனை: தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். மூன்று விளிம்புகள் தடுக்கினால் அது பெரும்பாலும் கோரை.

இரண்டாம் சோதனை: தண்டு தடையின்றி உருண்டால், விரலை அதன்மேல் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். மூங்கிலில் உள்ளதுபோல் கணுக்கள் தட்டுப்பட்டால் புல். வழவழப்பாக இருந்தால் ஜங்கஸாக இருக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது! உருண்டைத் தண்டுள்ள கோரை வகைகளும் உண்டு.

மூன்றாம் சோதனையே முடிவானது. பூவை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். ஆறு சிறு இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் ஜங்கஸ். அதன் காய் மூன்றாக வெடித்துப் பல விதைகளைச் சிந்தும். கோரையிலோ ஒரு காய்க்கு ஒரே விதை. ஜங்கஸ் எஃபுசஸில் பூங்கொத்து தண்டின் பக்கவாட்டில் முளைத்ததுபோல் தோன்றும். உண்மையில் தண்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீள்வது பூவடி இலை.

இனித் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே நெட்டிபோன்ற வெண்மையான பஞ்சு. அதில் நிறையக் காற்றிடைவெளிகள். இவை எதற்கு? காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே நீர் தேங்கிய சேற்றில் வேர்கள் மூச்சுத் திணறும். இப்பஞ்சு வழியே காற்று மேலிருந்து வேருக்கு இறங்குகிறது. செடி ஈரநிலத்தில் வாழும் இரகசியம் இதுவே.

இப்பஞ்சைக் கொழுப்பில் தோய்த்து, முற்காலத்தில் இங்கிலாந்து ஏழைகள் விளக்காக எரித்தனர். சுமார் 2 அடி 4 அங்குல நீளமுள்ள ஒன்று 57 நிமிடம் எரிந்ததாக, கில்பர்ட் ஒயிட் 1789-இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார்.

நீலகிரியின் ஈரநிலங்களிலும் ஜங்கஸ் இனச் செடிகள் உண்டு. அங்குச் சென்றால் சோதித்துப் பாருங்கள். பூவுள்ள ஒரு தண்டு போதும், வேரோடு பிடுங்காதீர்கள்.